தொண்ணூத்தொண்ணாம் நம்பர் வண்டி

சென்னை விமான நிலையத்தின் வருகைக் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது காலை மணி ஆறரை. வைகாசி மாதத்துக் காற்று ஈரமும் சூடுமாக முகத்தில் அடித்தது. பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு அது புதிதில்லை. அந்தக் கூட்டம்தான் புதிது. நாலு விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டன என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், அழுகிற குழந்தைகள், பேர் எழுதிய தாள்களைத் தூக்கிப் பிடித்த டிரைவர்கள். எத்தனை தரம் தேடியும் அந்தத் தாள்களில் என் பேர் இல்லை.

கைப்பேசி அடித்தது. என் மகள் யாழினி.

"அம்மா, பதறாத. நான் சொல்லி வச்ச வண்டி மரக்காணத்துக்கிட்ட நின்னு போச்சாம். கிளட்ச் போயிடுச்சாம். நீ அங்கேயே ஒரு டாக்சி பிடிச்சு வந்துடு. பசியாறினியா?"

நான் பதறவில்லை. முப்பது வருடமாக மருத்துவமனையில் தாதி. பதறுகிறவர்களை உட்கார வைப்பதுதான் என் வேலை. ஆனால் கோபம் இருந்தது. அது கிளட்ச் மேல் வந்த கோபம் இல்லை.

யாழினி என் ஒரே மகள். அண்ணாமலை நகரில் நாலு வருடம் வயலின் படித்தாள். படிப்பு முடிந்து வீட்டுக்கு வர வேண்டியவள், வடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே இருக்கப் போகிறேன் என்று ஒருநாள் போனில் சொன்னாள். விசாவைக் காட்டி மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவள் தாத்தா வழியில் அவளுக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்பதை அவள் நினைவுபடுத்தினாள். அதற்குமேல் போனில் சண்டை போட்டுப் பயனில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அவளைக் கையோடு கூட்டிப் போவது என்ற ஒரே முடிவோடுதான் வந்திருந்தேன்.

டாக்சி கவுண்டருக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. எனக்கு முன்னால் நின்றவருக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ், தோளில் ஒரு பை. ஒரு நிமிடத்தில் மூன்று தடவை மணி பார்த்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தொழில் புத்தி.

"தம்பி, உடம்பு ஏதும் சரியில்லையா? சர்க்கரை இருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. தங்கச்சிக்குக் கல்யாணம். இன்னைக்கு, கடலூர்ல. பத்தரை பன்னண்டு முகூர்த்தம்." வரிசையை எட்டிப் பார்த்தார். "கேட்டுட்டேன். தூரத்துக்குப் போற வண்டி வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவுமாம்."

பேர் ஏழுமலை. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஊரை விட்டுப் போய் ஐந்து வருடம். லீவு இல்லை என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். வர முடியாது என்று அவரும் வீட்டுக்குச் சொல்லிவிட்டார். முந்தாநாள் சாயங்காலம்தான் மனசு மாறி லீவு கொடுத்தார்களாம். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

"அப்பா இல்லக்கா. பொரி போடறது நானு. இப்ப எங்க பெரியப்பா புள்ளைய நிறுத்தப் போறாங்க. அவன் நல்லவன்தான். இருந்தாலும்..." மேலே சொல்லாமல் மறுபடி மணி பார்த்தார்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களிலும் அந்தச் சடங்கு உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினிக்கு முன்னால் கைகளைச் சேர்த்துப் பிடிக்க, பெண்ணின் அண்ணனோ தம்பியோ அதில் பொரியை அள்ளிப் போடவேண்டும். அதற்குக் கூடப்பிறந்தவன் கைதான் வேண்டும் என்பார்கள்.

திடீரென்று ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கக்கா போவணும்?"

"சிதம்பரம்."

"அப்ப எங்கூட மேல வாங்க. ஜனங்க புறப்படற மாடிக்கு. வெடிகாலையில நம்ம பக்கத்துலேருந்து ஆள ஏத்திக்கினு வந்த வண்டிங்க எல்லாம் காலியாத்தான் திரும்பும். முப்பத்தொண்ணாம் நம்பரு கடலூரு. தொண்ணூத்தொண்ணு சிதம்பரம். ரெண்டுல ஒண்ணு மாட்டாமயா பூடும்?"

எனக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. இத்தனை ஆயிரம் பேர் ஒரு மூலையில் வண்டிக்காக நிற்க, மேல் மாடியில் ஆளைத் தேடி வண்டிகள் நிற்கும் என்பது வேறு யாருக்கும் தோன்றவில்லை. என் பெட்டியை அவரே இழுத்துக்கொண்டு நடந்தார்.

மேலே போய் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று நம்பர் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தோம். இருபத்திரண்டு, ஒன்பது, பதினொன்று. "முப்பத்திரண்டு!" என்று கத்தினேன். "அது விழுப்புரம்கா. வேற வழியில்லன்னா பார்க்கலாம்." அதற்குள் அந்த வண்டி நகர்ந்துவிட்டது. பாண்டிச்சேரி நம்பர் ஒன்று வந்தது, உள்ளே ஆள் இருந்தது. கால் மணி நேரம் போனது. பிறகு ஒரு வெள்ளை வண்டி மெதுவாக வந்து ஓரமாக நின்றது. தொண்ணூற்றொன்று.

டிரைவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, கொண்டையைச் சுற்றி ஒரு முழம் முல்லை. வயதான தம்பதி ஒன்றை இறக்கிவிட்டு, அவர்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, "மாத்திரைய கைப்பையில வச்சிக்கங்க, பொட்டியில போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஏழுமலை ஓடினார். "யக்கா, கடலூரு வழியாத்தான போறீங்க? அவசரங்கா, கல்யாணம்."

"நான் புவனகிரி. இங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது. ஏறுங்க, பேச்ச வண்டியில வச்சிக்கலாம்."

பினாங்கில் டிரைவரின் படம், பேர், நம்பர் மூன்றும் கைப்பேசியில் வராமல் நான் எந்த வண்டியிலும் காலை வைத்ததில்லை. இங்கே முன்பின் தெரியாத இரண்டு பேரோடு கதவைச் சாத்திக்கொண்டேன். நம்பர் பலகையை மட்டும் படம் எடுத்து யாழினிக்கு அனுப்பினேன். "சூப்பர்மா!" என்று பதில் வந்தது.

அவர் பேர் கலைச்செல்வி. வண்டி கணவருடையது. உரிமம் இரண்டு பேருக்கும் இருக்கிறது. அவருக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து தூரத்துச் சவாரி எல்லாம் இவர், உள்ளூர்ச் சவாரியும் சமையலும் அவர். விமான நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாளாவது வருவாராம்.

"போறவங்களையே ஏத்தி ஏத்திப் பழகிப் போச்சும்மா. துபாயி, சிங்கப்பூரு, கனடா. வர்றப்ப அழுதுக்கினே வருவாங்க. நான் பாட்டப் போட்டு வுட்டுடுவேன். கல்யாணத்துக்கு வர்ற ஆளு இன்னைக்குத்தான் கெடச்சிருக்கு." கண்ணாடியில் ஏழுமலையைப் பார்த்தார். "கொண்டு போய் வுட்டுடறேன் தம்பி. நகத்தக் கடிக்காத."

ஏழுமலை என் கைப்பேசியை வாங்கி வீட்டுக்கு அடித்துப் பார்த்தார். தங்கை நம்பர் அணைத்துக் கிடந்தது. அம்மாவிடம் கைப்பேசி இல்லை. கடைசியில் கூட்டாளி ஒருவர் எடுத்தார். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"மச்சான், நாந்தான் ஏழுமலை. வண்டியில வந்துக்கினு இருக்கேன். டேய், கத்தாத! யாருகிட்டயும் சொல்லாத. பாதியில எதாவது ஆயிட்டா அம்மா தாங்காது. பொரி போடறத மட்டும் நான் வர்ற வரைக்கும் எப்படியாச்சும் இழுத்து வை."

"நான் எப்பட்றா இழுக்கறது? ஐயரே பறக்கறாரு மச்சான். அவருக்கு இத வுட்டா அடுத்த மண்டபத்துல ஒரு கல்யாணமாம்!"

கலைச்செல்வி சிரித்துவிட்டு மிதித்தார்.

திண்டிவனம் தாண்டி அரை மணி நேரம் இருக்கும். பின்பக்கம் டப் என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. டயர் பஞ்சர். ஏழுமலை முகத்தைப் பார்க்க எனக்கு மனசில்லை. கலைச்செல்வி அதற்குள் இறங்கிவிட்டார். காக்கிச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார், டிக்கியைத் திறந்தார், ஜாக்கியை வைத்தார். ஏழுமலை உதவிக்குக் குனிந்தார்.

"நீ கல்யாண வூட்டு ஆளு. கிரீசு ஆவக் கூடாது. தள்ளி நில்லு."

எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சொல்லாமலே ஒரு கல்லை எடுத்து வந்து முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். முந்திரி மூட்டை ஏற்றிப் போன லாரி ஒன்று ஓரம் கட்டியது. அதன் டிரைவர் இறங்கி வந்து, இறுகிப்போயிருந்த நட்டு ஒன்றைக் காலால் உதைத்துத் தளர்த்திவிட்டு விஷயம் கேட்டார். "தங்கச்சி கல்யாணமா மச்சான்? வேணும்னா என் வண்டியில ஏறு. ஆனா மறுவூட்டுக்குத்தான் போய்ச் சேருவ!" ஏழுமலைகூடச் சிரித்துவிட்டார். நான் என் கடிகாரத்தில் பார்த்தேன். பதினொரு நிமிடத்தில் சக்கரம் மாறிவிட்டது. கலைச்செல்வி கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் டீக்கடைக்காரர் மூன்று கிளாஸ் டீயை வண்டி ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் தே தாரிக் டீயை விடப் பாதி அளவு, இஞ்சி இரண்டு மடங்கு. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

கடலூருக்குள் நுழையும்போது பதினொன்று இருபது. முகூர்த்த நாள் என்பதால் தெருவுக்குத் தெரு வாழைமரமும் ஒலிபெருக்கியுமாக இருந்தது. மஞ்சக்குப்பத்தைத் தாண்டி கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. பஸ், ஆட்டோ, கல்யாணம் முடிந்து திரும்பும் அலங்காரக் கார், எதுவும் நகரவில்லை. மண்டபம் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருப்பாதிரிப்புலியூரில். ஏழுமலை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். ஓடியே போய்விடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

எங்களை உரசிக்கொண்டு ஒரு ஸ்கூட்டி நுழைந்தது. ஓட்டி வந்த பெண்ணின் காலடியில் கீரைக்கட்டுகள் நிரம்பிய பை. கலைச்செல்வி ஜன்னலை இறக்கி ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இந்த ஆளக் கொஞ்சம் அந்தாண்ட மண்டபத்துல வுட்டுடும்மா. இவரு தங்கச்சிக்குக் கல்யாணம். வெளிநாட்லேருந்து இப்பத்தான் வராரு."

அந்தப் பெண் ஏழுமலையை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணுக்கு அண்ணனா? பொரி போட்டாச்சா?"

"தெரியலக்கா."

"அப்ப ஏன் நிக்கறீங்க, ஏறுங்க!" கீரைப் பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். பஸ்ஸுக்கும் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஸ்கூட்டி நுழைந்து மறைந்தது.

நாங்கள் அந்தப் பாலத்தைக் கடக்க இன்னும் இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் கலைச்செல்வி ஆறு தடவை மணி கேட்டார். ஏழுமலையின் சவாரி முடிந்தது, அவர் இறங்கியும் விட்டார். இருந்தாலும் வண்டியை நேராக மண்டபத்து வாசலுக்குத்தான் ஓட்டினார்.

உள்ளே நுழைந்தபோது மேடையில் புகை. எட்டிப் பார்த்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகளைச் சேர்த்து ஏந்தியிருக்க, ஏழுமலை குனிந்து நின்று பொரி போட்டுக்கொண்டிருந்தார். ஜீன்ஸுக்கு மேலேயே யாரோ ஒரு பட்டு வேட்டியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். கீழே ஜீன்ஸின் மடிப்பு தெரிந்தது. பெண் அழுது அழுது கண் மை கன்னம் வரை வழிந்திருந்தது. யாரும் அதைத் துடைக்கப் போகவில்லை. கலைச்செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

நடந்ததைப் பக்கத்தில் இருந்த ஏழுமலையின் அத்தை ஒருவர் எனக்குச் சொன்னார். "தாலி கட்டி முடிச்சு கெட்டிமேளம் அடங்கறதுக்குள்ள வந்துட்டாம்மா. பத்து நிமிஷம் முன்னால வந்திருந்தா தாலி கட்டறதையும் பாத்திருப்பான். கையில கீரைப் பையி! பெரியப்பா புள்ள பொரித் தட்டோட நிக்கறான். இவனப் பாத்ததும் தட்ட அப்படியே இவங்கிட்ட நீட்டிட்டான். பொண்ணு மாப்ள கைய உதறிட்டு எழுந்துடுச்சு. ஐயரு 'உக்காரும்மா, உக்காரும்மா'ங்கறாரு. யாரு கேக்கறா?"

எங்கள் இருவரையும் சாப்பிடாமல் விடவில்லை. இலையில் முந்திரிப் பருப்பு போட்ட குருமா, பலாக்காய்ப் பொரியல், வடை, பாயசம், ஓரத்தில் பண்ருட்டிப் பலாச்சுளை இரண்டு. பினாங்கில் பலாப்பழம் உண்டு. ஆனால் சுளையைக் கடித்ததும் பல்லில் இந்த மாதிரி நறுக்கென்று உடைந்து, தேன் அப்புறம்தான் வருவது அங்கே இல்லை. ஸ்கூட்டிப் பெண்ணும் எதிர்ப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீரை மண்டபத்துச் சமையலறைக்கே போய்விட்டதாம்.

ஏழுமலையின் அம்மா எங்களிடம் வந்து கும்பிட்டார். பிறகு மகன் சாப்பிடும் இடத்தில் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவன் முழங்கால் மேல் கையை வைத்தபடி, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் இருபது நாளில் மகன் திரும்பிப் போய்விடுவான்.

அதைப் பார்த்ததும் என் முடிவு இன்னும் கெட்டியானது. நான் இப்படி உட்காரப் போவதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மகள் சாப்பிடுவதைப் பார்க்கிற அம்மாவாக நான் இருக்கமாட்டேன்.

புவனகிரியில் ஒரு சந்தைக் காட்டி, "அதாம்மா நம்ம வூடு" என்றார் கலைச்செல்வி. வெள்ளாற்றைக் கடந்து அண்ணாமலை நகர் போய்ச் சேரும்போது மூன்று மணி. வாசலில் நின்ற யாழினி கொஞ்சம் கறுத்திருந்தாள், கொஞ்சம் மெலிந்திருந்தாள். கட்டிக்கொண்டாள். அறைக்குள் போனதுமே நான் பேச்சை எடுத்தேன்.

"பெட்டி எல்லாம் கட்டிட்டியா?"

"குளிச்சுட்டு தூங்கும்மா. நாளைக்குப் பேசலாம்."

மறுநாள் காலையில் சிதம்பரத்துக்குள் நடந்தே போனோம். கோயிலுக்குள் கால் வைத்ததும் கல்தரையின் குளிர்ச்சி பாதம் வழியாக ஏறியது. இவ்வளவு பெரிய வெட்டவெளியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு ஊர் நாலு வீதிகளாகச் சுற்றி உட்கார்ந்திருப்பதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எங்கள் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படி ஏறி ஏறி மூச்சு வாங்கவேண்டும். இங்கே எல்லாம் சமதரை. மணி அடித்தபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சொல்லில் நிறுத்தினார்கள். நானும்தான்.

பசியாற ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனாள். இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும். கொத்சு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சாம்பாரும் இல்லை, சட்னியும் இல்லை. குழைந்த கத்திரிக்காயில் புளிப்பும், வறுத்து அரைத்த மல்லி வாசனையும். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு கேட்டேன். பரிமாறியவர் யாழினியைப் பார்த்து, "அம்மாவா? சொல்லவே இல்ல பாரு" என்று கொத்சை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மறுபடி கோயில் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சண்டையைத் தொடங்கினோம்.

"அங்கேயும் பிள்ளைங்க இருக்காங்க, யாழி. அங்கே சொல்லிக் குடு."

"அங்க டியூஷன் வாசல்ல கார்ல வந்து இறங்குவாங்கம்மா. பரீட்சைக்கு நாலு பாட்டு கத்துக்குவாங்க, போயிடுவாங்க. இங்க ஒரு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை போயிட்டிருக்கேன். நான் போகலன்னா அந்தப் பிள்ளைங்களுக்குப் பாட்டு வகுப்பே இல்ல."

"நான் அங்கே தனியா இருக்கேனே, அது?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. அன்றைக்கு முழுவதும் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினோம்.

மூன்றாம் நாள் அவள் வடலூர் போகவேண்டும் என்றாள். விடுமுறையிலும் சில பிள்ளைகள் பாட்டுக்கு வருகிறார்களாம். நானும் வருகிறேன் என்றேன். கலைச்செல்வியைக் கூப்பிட்டோம். முன்சீட்டில் என்னை உட்கார வைத்து, "கண்ணெல்லாம் வீங்கியிருக்கு, தூங்கலயா?" என்று மட்டும் கேட்டார்.

வடலூரில் முதலில் தருமசாலைக்குப் போனோம். யார் வந்தாலும் சாப்பாடு. பேர் இல்லை, ஊர் இல்லை, சீட்டு இல்லை. மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குக் கஞ்சி கொடுக்க மூன்று தாளில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இங்கே லாரி டிரைவரும், காவி கட்டியவரும், கைக்குழந்தையோடு வந்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுடச்சுடச் சோறும் சாம்பாரும் வந்தன.

நிமிர்ந்து பார்த்தால் சாம்பார் வாளியோடு வந்தது யாழினி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். வரிசையில் யாரோ சைகை காட்டினார்கள். "வரேன் மாமா, இருங்க, உங்களுக்கு ஊத்தாம எங்க போவப் போறேன்?" என்றாள். ஐந்து வயதில் பேசவே யோசிக்கிற பிள்ளை. கடையில் ரொட்டி கேட்கக்கூட என் பின்னால் ஒளிவாள். அந்தக் குரல் என் வீட்டில் நான் கேட்காத குரல்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரல் நுனிகள் கறுத்து வெந்திருந்தன. தாதியின் கண் முதலில் கைகளைத்தான் பார்க்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை என்றார். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் அப்படி ஆகிவிடுமாம். மகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்து வந்திருந்தார்.

"எம் பொண்ணு வாயே தொறக்காதுங்க. பள்ளிக்கொடத்துல ஊமைன்னே நெனச்சிட்டாங்க. இப்ப காலையில எழுந்து பல்லு தேய்க்கறதுக்குள்ள பாட்டு. எங்க வூட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு." சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர நீங்க அழைச்சிக்கினு போயிடுவீங்களாமே. புள்ளைங்க பேசிக்குது."

சாம்பார் காரம் என்பதுபோலத் தண்ணீர் குடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். யாழினி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வயலினில் ஒரு சுரத்தை இழுத்தாள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குரல் மட்டும் கீழே நின்றது. முந்திரி உடைக்கிற அந்த அம்மாவின் மகள்தான். யாழினி நிறுத்தவில்லை, திட்டவில்லை. அதே சுரத்தை மறுபடி, மறுபடி, அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் நாலாவது தடவையில் பொறுமை போயிருக்கும். எத்தனையாவது தடவை என்று தெரியாது, அந்தக் குரல் மெல்ல மேலே ஏறி மற்றக் குரல்களோடு போய்ச் சேர்ந்தது. யாழினி கண்ணை மூடித் தலையாட்டினாள். அவ்வளவுதான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

திரும்பும் வழியில் கலைச்செல்விகூடப் பாட்டுப் போடவில்லை. சிதம்பரம் நெருங்கும்போது நான்தான் கேட்டேன். "இங்கே நல்ல நூல் புடவை எந்தக் கடையில் கிடைக்கும்?"

கலைச்செல்வி என்னை ஒரு தரம் பார்த்தார். மேலவீதிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

கடையில் இருந்த அம்மா அலமாரியிலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தார். "யாருக்கும்மா, உங்களுக்கா?"

"இல்லை. டீச்சருக்கு."

யாழினி பின்னால் நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீலத்தில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று, சின்னக் கட்டம் போட்டது ஒன்று என்று எடுத்து வைத்தேன். இந்த வெயிலில் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவளுக்குக் கனமில்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றையும் கையில் கசக்கிப் பார்த்தேன்.

"எத்தனம்மா வேணும்?"

"ஆறு. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும்."

"சனிக்கிழமை அரை நாள்தாம்மா," என்றாள் யாழினி.

"அரை நாளுக்கும் புடவை வேணும்," என்றேன்.